பதினேழாவது வழியனுப்பு

ஹிலாரி சாமியை நாங்கள் பதினேழு தடவை வழியனுப்பினோம், முதல் பதினாறு தடவையும் மேளதாளத்தோடு எங்கள் ஊரிலேயே கொண்டுவந்து இறக்கினோம். வெளியூரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். வெள்ளாந்தாழையில் சிரிக்க ஆள் கிடையாது, ஏனென்றால் அந்த வேன்களில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போய்வந்தவர்கள்தான் ஊரில் பாதிப்பேர்.

எங்கள் கடற்கரையில் பங்குச்சாமிக்கு, அதாவது கோயில் பாதிரியாருக்கு, மாற்றல் வந்தால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ் ஏறிவிட முடியாது. ஊரே வேன் பிடித்து அவரைப் புது ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே கோயில் வாசலில் அந்த ஊர்க்காரர்கள் மாலையோடு நிற்பார்கள், எங்கள் ஊர்த்தலைவர் சாமியின் கையைப் பிடித்து அவர்கள் தலைவரின் கையில் வைத்து, "இந்நாள் வரை எங்களுக்குத் தகப்பனாய் இருந்தவரை உங்களிடம் ஒப்படைக்கிறோம்" என்பார், அவர்கள் "ஏற்றுக்கொண்டோம்" என்பார்கள், பிறகு சாப்பாடு. எத்தனை வேனில் ஆள் வந்தது என்று அந்த ஊர்ப் பெண்கள் எண்ணுவார்கள். ஒரு வேனில் போனால் மானம் போயிற்று. நாங்கள் மூன்று வேன் பிடித்தோம்.

நான் கயித்தான், அந்தக் கோயிலின் உபதேசியார். சிறுபிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பதும், சாமி இல்லாத நாளில் ஜெபமாலை சொல்வதும், சாமிக்கும் ஊருக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவதும் என் வேலை. என் மனைவி எஸ்கலின் சாமியார் பங்களாவில் சமையல். இருபத்தாறு வருஷமாக எங்கள் குடும்பத்தின் சோறும் மரியாதையும் அந்த ஒரு காம்பவுண்டுக்குள்தான் வெந்தது.

முதல் வழியனுப்பு ஜூன் மாத முதல் ஞாயிறு. மாற்றல் கருக்குவிளைக்கு, பனங்காட்டுக்குள் ஐம்பது மைல் உள்ளே. முன்வேனில் சாமி, ஊர்த்தலைவர் பியோ மச்சாது, நான், பாண்டு வாத்தியக்காரர்கள். பின்னால் இரண்டு வேன். உப்பளம் தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, தேரிக்காட்டுச் செம்மண் தாண்டி, பெண்கள் பாட்டுப் பாடி, பிள்ளைகள் வாந்தி எடுத்து, இரண்டரை மணி நேரம் ஓடிய பிறகு தென்னந்தோப்பு வளைவில் ஒரு கோபுரம் தெரிந்ததும் பாண்டுக்காரர்கள் எழுந்து நின்று ஊதத் தொடங்கினார்கள். வேன் நின்றது. இறங்கினோம். அது எங்கள் கோபுரம். கொடிமரத்தடியில் காலையில் நாங்கள் உதறிவிட்டு வந்த பூவிதழ்கள் இன்னும் வாடாமல் கிடந்தன.

"ஏல, ரோட்ட மாத்திட்டியோ?" என்று பியோ மச்சாது டிரைவரைக் கேட்டார்.

"ஒரே ரோடுதான தலைவரே, எங்க மாத்த?" என்றான் அவன், உண்மையாகவே வருத்தப்பட்டு.

வெயிலோ உச்சிக்கு வந்துவிட்டது, எல்லோருக்கும் பசி. கருக்குவிளைக்காரர்கள் போடவேண்டிய சாப்பாட்டை நாங்களே போட்டுக்கொண்டோம். எஸ்கலின் அடுப்பை மறுபடி மூட்டினாள், ஹிலாரி சாமி காலையில் பூட்டிய அறையைத் திறந்து கட்டிலில் சாய்ந்தார், மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் வேறு வழியாக, நாற்கரச் சாலையில் ஏறிப் போனோம், அதுவும் எங்கள் கொடிமரத்தில் வந்து முடிந்தது. நாலாவது தடவை, வேறொரு துறையில் இறங்கி உள்ளே போய்விடலாம் என்று, படகில் கூட்டிப்போனோம். கரையிலிருந்து நேர்கோடாக வடக்கே ஓட்டிய படகு எங்கள் துறையிலேயே வந்து மணலில் ஏறியது. ஐந்தாவது தடவை சாமியை மட்டும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். நாற்பது நிமிஷத்தில் அந்த பஸ் முழுக்க ஆட்களோடு எங்கள் கோயில் முன்னால் வந்து நிற்க, கல்யாண வீட்டுக்குப் போகவேண்டியவர்களும் கோர்ட்டுக்குப் போகவேண்டியவர்களும் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே இறங்கி எங்களோடு சாப்பிட்டார்கள். சாமி இல்லாத நாளில் அதே சாலை ஒழுங்காக எல்லா ஊருக்கும் போனது. அவரை ஏற்றினால்தான் திரும்பியது.

மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், எங்கள் ஊருக்குக் கொஞ்சம் சீக்கிரமே பழகிவிடும். எட்டாவது வழியனுப்புக்குள் பெண்கள் புளிச்சோறு கட்டிக்கொள்ளக் கற்றார்கள், உப்பளத்துக்கு அருகே எந்த வேப்பமரத்தடியில் நிறுத்தினால் காற்று வரும் என்று தெரிந்தது, பாண்டுக்காரர்கள் போகும்போது சோகப்பாட்டும் வரும்போது வரவேற்புப்பாட்டும் என்று பிரித்துக்கொண்டார்கள், வாரத்தில் ஒரு நாள் சாமியை அனுப்புவது என்பது சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் போல ஒரு வழக்கமாகிவிட்டது.

பிறகு ஒருநாள் பியோ மச்சாதுவின் மனைவி அந்த வார்த்தையைச் சொன்னாள். "நம்ம மாதாவுக்குச் சாமிய விட மனசில்ல. அதான் போவவிட மாட்டேங்கா." அவ்வளவுதான். பத்து நாளில் சாலையோரச் சுவரெல்லாம் 'போகாத சாமி' என்று போஸ்டர். வெளியூரிலிருந்து கார்கள் வந்தன, எலுமிச்சை சர்பத் கடை இரண்டு முளைத்தது. ஹிலாரி சாமி பங்களா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். தாய்மார்கள் தங்கள் பெண்பிள்ளைகளைத் தூக்கி அவர் கைக்கு நீட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினேன்.

எனக்குத் தெரியும். இதை இதற்குமேல் தள்ளிப்போட முடியாது, சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய வருஷம் செப்டம்பரில் மறைக்கல்வித் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். 'கடவுள் எங்கே இருக்கிறார்?' என்பது முதல் கேள்வி. எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஏழாம் வகுப்பு ஜெசிந்தா, 'கடவுள் எங்கும் இருக்கிறார்' என்று எழுதியிருந்தாள். சரி போட்டேன். போட்டபிறகுதான் அடுத்த வரியைப் படித்தேன். 'ஆனால் பங்களாவில் பாட்டு சொல்லித்தரும் அறையில் கதவைச் சாத்திய பிறகு அவர் இல்லை.' அதற்குக் கீழே நான்கு வரிகளில் ஹிலாரி சாமி தனக்கு என்ன செய்தார் என்பதை, பிள்ளைகளுக்குத் தெரிந்த வார்த்தைகளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வேறு யாரிடமும் சொல்ல முடியாமல், கேள்வி கேட்டவனிடம் பதில் சொல்லியிருக்கிறாள்.

தாளை எடுத்துக்கொண்டு அவள் அம்மா பிரகாசியிடம் போனேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கொச்சியில் விசைப்படகில். வருஷத்தில் இரண்டு மாதம்தான் ஊரில் இருப்பான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போலீசுக்குப் போறேன் உபதேசியாரே. இந்தத் தாளக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. "கோயில் காரியம் பிரகாசி. ஆயர் ஆண்டவர் இருக்காவ. அவியட்ட சொல்லாம வெளிய சொன்னா பிள்ள பேருதான கெடும்? என்ட்ட விடு. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்று சொன்னேன். அவள் நம்பினாள். தன் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் பெற்றோர் வரிசையில் என் முன்னால் நின்ற பெண், நான் ஜெபம் சொல்லிக்கொடுத்து வளர்ந்த பெண், நம்பாமல் என்ன செய்வாள்?

அக்டோபர் மூன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு பிஷப் இல்லத்துக்குப் போய் ஆயர் கையில் அந்தத் தாளை வைத்தேன். அவர் முழுதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன, அதை நான் பொய் சொல்ல மாட்டேன். தாளை ஒரு உறைக்குள் போட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "திருச்சபையும் ஒரு தாய்தான் உபதேசியார். தாயோட மானத்த சந்தியில வைக்கக்கூடாது. நடவடிக்கை எடுக்கேன். நீர் வாயத் தொறக்காதேயும்" என்று என் தலையில் சிலுவை போட்டு அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எட்டு மாதம் ஹிலாரி சாமி அதே பீடத்தில் பூசை வைத்தார். ஜெசிந்தா கோயிலுக்கு வரவில்லை. கேட்டவர்களிடம் டைபாய்டு என்று நானே சொன்னேன். பிரகாசி ஒவ்வொரு மாதமும் வந்து கேட்டாள், நான் ஒவ்வொரு மாதமும் "நடக்கும்" என்றேன். கடைசியில் நடந்தது. நடவடிக்கை என்று ஆயர் சொன்னது மாற்றல். கருக்குவிளைப் பங்கு, அதோடு அங்கேயுள்ள பெண்பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பு. அறுபது பிள்ளைகள். அந்தக் காகிதத்தை நான்தான் மைக்கில் வாசித்தேன், ஊர் கை தட்டியது.

ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரியாது என்று சாதிக்கிற அளவுக்குத் தெரியும். பிரகாசி மீன் விற்க உட்காரும் இடத்தில் மற்றப் பெண்கள் கூடையைச் சற்றுத் தள்ளிப் போட்டார்கள். 'போகாத சாமி' போஸ்டர் வந்தபிறகு அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் அகன்றது.

பதினாறாவது வழியனுப்பு முடிந்து நாங்கள் வழக்கம்போல வந்து இறங்கியபோது பிரகாசி கொடிமரத்தடியில் நின்றிருந்தாள். எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர்ந்தபிறகு என்னிடம் வந்தாள்.

"ரோட்டுக்குத் தெரிஞ்சது கூடவா ஒங்களுக்குத் தெரியல உபதேசியாரே?"

"என்ன சொல்லுத?"

"அறுபது பிள்ளைய கெடக்கு அங்க. ரோடு கொண்டுபோவ மாட்டேங்கி. நீங்க விடாம ஏத்துதிய. பதினாறு மட்டம் ஏத்திட்டிய." அவள் குரல் உயரவே இல்லை. "எம்பிள்ள எழுதின தாளு எங்க?"

"ஆயர் இல்லத்துல பத்திரமா இருக்கு."

"யாருக்குப் பத்திரம்?"

நான் சாப்பாட்டுப் பந்திப் பக்கம் திரும்பினேன்.

"நீங்க வந்து ஸ்டேசன்ல ஒரு வார்த்த சொன்னாப் போதும். படிச்சவிய, கோயில்காரவிய. என்னிய மீன்காரின்னு வெரட்டுவான், ஒங்கள வெரட்டமாட்டான். வருவியளா மாட்டியளா?"

"திருவிழா முடியட்டும் பிரகாசி," என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கடையில் கெட்டுப்போன மீனைப் பார்த்துவிட்டு நகர்கிறவள் மாதிரி நகர்ந்துபோனாள்.

பதினேழாவது வழியனுப்புக்கு ஆயரே வந்தார். போஸ்டர் விஷயம் கைமீறிப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. தானே கூட்டிக்கொண்டு போய் விட்டால் எந்தச் சாலையும் அடங்கும் என்று நினைத்தார். அவருடைய வெள்ளைக் கார் முன்னால், பின்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் ஹிலாரி சாமி. பின்னால் எங்கள் மூன்று வேன். கிளம்பப் போகும்போது பிரகாசி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து முன்வேனில் ஏறினாள். ஒரு வருஷமாக வெளியே பார்க்காத பிள்ளை, உயர்ந்திருந்தாள், முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். வேனில் சத்தம் அடங்கியது. யாரோ ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். பாண்டுக்காரர்கள் எந்தப் பாட்டை ஊதுவது என்று தெரியாமல் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

உப்பளம் வந்தது, ரயில்வே கேட் வந்தது, தேரிக்காடு வரவில்லை. பதினாறு தடவை பழகிய கண்களுக்கு அது உடனே தெரிந்தது. டிரைவர் எங்கும் திருப்பவில்லை, ஆயரின் காரும் திருப்பவில்லை, சாலைதான் எங்களைத் தாலுகா டவுனுக்குள் கொண்டுபோய், பழைய நீதிமன்றத்தைத் தாண்டி, பிடித்துவைத்த மோட்டார் சைக்கிள்கள் துருவேறிக் கிடந்த ஒரு காம்பவுண்டுக்குள் விட்டது. அனைத்து மகளிர் காவல் நிலையம் என்று போர்டு. நாங்கள் முதல்முறையாக எங்கள் ஊர் அல்லாத ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

ஆயரின் டிரைவர் காரைப் பின்னால் எடுத்து வெளியே போனான். இரண்டு நிமிஷத்தில் அதே வாசல் வழியாக உள்ளே வந்தான். மூன்று தடவை போனான், மூன்று தடவையும் வந்தான். அதற்குள் பிரகாசியும் ஜெசிந்தாவும் இறங்கி உள்ளே போயிருந்தார்கள்.

இசக்கிச்செல்வி என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த எஸ்.ஐ. அம்மா, பிள்ளையைப் பார்த்ததும் காக்கியை மாற்றிச் சுடிதாரில் வந்து, அவளைத் தனியறையில் உட்காரவைத்துக் கேட்டார். ஒன்றரை மணி நேரம். வெளியே வேனுக்குள் எண்பது பேர் வியர்வையில் நனைந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். பிறகு இரண்டு பெண் காவலர்கள் வந்து காரின் பின்கதவைத் திறந்து ஹிலாரி சாமியை உள்ளே கூட்டிப்போனார்கள். அங்கியை மிதித்து ஒருமுறை தடுமாறினார். தாங்கிப்பிடிக்க வழக்கம்போல என் கை வேன் ஜன்னலுக்கு வெளியே நீண்டது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

எஸ்.ஐ. அம்மா வெளியே வந்து வேன்களின் முன்னால் நின்றார். "இது யாருக்கெல்லாம் முன்னாடியே தெரியும்?"

நான் இறங்கினேன். நெஞ்சுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, கடைசியில் சாட்சி சொல்லப்போகிறேன் என்று.

"எப்போ தெரியும்?"

"போன வருசம் செப்டம்பர், இருபத்தெட்டு. ஆயர் ஆண்டவர்ட்ட சொன்னேம்மா."

"இங்க ஏன் வரல?"

"ஆயர் ஆண்டவர்ட்ட..."

"இங்க ஏன் வரல?"

அவர் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி, புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதினார். "பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிஞ்சும் போலீசுல சொல்லாம இருக்கிறதும் குத்தம். நீங்க சாட்சி இல்ல. ஓரமா நில்லுங்க."

அவர் நேரே காருக்குப் போய் கண்ணாடியைத் தட்டினார். பாதி இறங்கியது. "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"இது திருச்சபையோட உள்விசயம் அம்மா. முறைப்படி நடவடிக்கை..."

"எப்போ?"

ஆயர் என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக அவர் கை மோதிரத்தை முத்தமிட்டு வணங்கியிருக்கிறேன். வாயைத் திறக்காதே என்று அந்தக் கண்கள் மறுபடி சொல்லின.

"அக்டோபர் மூணு, காலையில பத்தரை," என்றேன். "அவிய கையிலதான் குடுத்தேன். இழுப்பறையில பூட்டி வச்சாவ."

எஸ்.ஐ. அம்மா அதே பக்கத்தில் எழுதினார். கார்க் கதவு திறந்தது.

இதைப் பார்த்த பியோ மச்சாது வேன் டிரைவர்களுக்குக் கண்காட்டினார். மூன்று வேனும் கிளம்பிப் போயின. நான் நிம்மதியாகக்கூட உணர்ந்தேன், ஊராவது போய்ச் சேரட்டும் என்று. ஐந்து நிமிஷத்தில் மூன்றும் வந்து நின்றன. மறுபடி போயின, மறுபடி வந்தன. மூன்றாவது தடவை போகாமல் இஞ்சினை அணைத்துவிட்டார்கள். பியோ மச்சாது முதலில் இறங்கினார், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அதற்குப் பின்னால் பாண்டுக்காரர்கள். வரிசை காம்பவுண்டு வாசல் வரை நீண்டது.

பிரகாசி ஜெசிந்தாவோடு வெளியே வந்தாள். வரிசையை ஒட்டித்தான் நடந்து போகவேண்டியிருந்தது. "மக்களே" என்று யாரோ ஒருத்தி ஜெசிந்தாவின் கையைத் தொடப் போனாள், பிள்ளை கையை இழுத்துக்கொண்டாள். வாசலுக்கு எதிரே வெள்ளாந்தாழை டவுன் பஸ் நின்றது. இருவரும் ஏறினார்கள். அது ஒலி எழுப்பிக்கொண்டு கிளம்பி வளைவில் திரும்பியது, திரும்பி வரவில்லை.

எஸ்.ஐ. அம்மா நாற்காலியை வரிசைக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லி, நோட்டை விரித்தார். அப்போதுதான் வரிசையின் முன்பக்கம் ஒரு ஆள் வருவதைக் கண்டேன். மூன்றாவது வேனிலிருந்து எஸ்கலின் இறங்கி, யார் பின்னாலும் நிற்காமல் நேராக முன்னால் வந்தாள். அவளிடம் நான் அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. புருஷன் செய்த தப்புக்கு மன்றாட வருகிறாள் என்று நினைத்து, "நீ போ, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்போ தெரியும்?" என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்.

"இவியளுக்கு முந்தியே தெரியும். பங்களாவுல சமைக்கேன். பாட்டு ரூமுல இருந்து அந்தப் பிள்ள அழுதுக்கிட்டு அடுக்களைக்கு ஓடி வந்துச்சு." எஸ்கலின் சேலை முனையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நான் மொகத்தக் கழுவி, தலையச் சீவி, சாமி கூப்பிடுதாவ போன்னு திரும்ப அனுப்பி வச்சேன்."